கேள்வி–பதில்: மஸ்கெட் ரைஃபிள் ஆனபோது போர்க்களத்தில் என்ன மாறியது?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க் என்ற ஊரின் அருகே சுமார் 12,500 தென்மாநிலச் சிப்பாய்கள் திறந்த வயல்வெளியில் முக்கால் மைல் தூரம் அணிவகுத்து நடந்துபோய்த் தாக்கியதையும், அவர்களில் பாதிப்பேருக்கு மேல் இறந்தோ காயமுற்றோ சிறைப்பட்டோ போனதையும் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம்.

கல்லூரி மாணவி, திருச்சி: ஐந்நூறு கெஜத்துக்கு அப்பால் இருப்பவனையும் வீழ்த்தும் துப்பாக்கி வந்த பிறகும் தோளோடு தோள் உரச வரிசையாக நடந்துபோய்ச் செத்தார்களே, அந்தத் தளபதிகளுக்குப் புத்தி இல்லையா?

தளபதிகள் பழைய துப்பாக்கியை மனத்தில் வைத்துக்கொண்டு புதிய துப்பாக்கியின் முன்னால் ஆட்களை அனுப்பினார்கள் என்பதுதான் பள்ளிப் புத்தகங்கள் வரை வந்துவிட்ட விடை. அதில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். காரணம் புரிய வேண்டுமானால் பழைய துப்பாக்கியிலிருந்து தொடங்க வேண்டும்.

நெப்போலியன் காலத்து ஆங்கிலேயச் சிப்பாய் வைத்திருந்த 'பிரவுன் பெஸ்' மஸ்கெட்டின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். குழலின் விட்டம் 0.75 அங்குலம்; அதில் போடும் ஈயக் குண்டின் விட்டம் சுமார் 0.69 அங்குலம். இந்த இடைவெளியை வேண்டுமென்றே விட்டார்கள், ஏனென்றால் அக்காலத்துக் கருமருந்து எரிந்ததும் குழலுக்குள் கரி அப்பிக்கொள்ளும். குண்டு இறுக்கமாக இருந்தால் சில முறை சுட்ட பிறகு அதை உள்ளே இறக்கவே முடியாது. ஆனால் அதே இடைவெளியால் குண்டு குழலுக்குள் இப்படியும் அப்படியும் முட்டிக்கொண்டு வந்து, வாயருகில் கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கேற்பத் திசை மாறி வெளியேறும். நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறிவைப்பது ஏறக்குறைய வீண்வேலை. ஆகவே ஆளைக் குறிவைப்பதை விட்டுவிட்டு, நூற்றுக்கணக்கானோரை நெருக்கி நிறுத்தி ஒரே நேரத்தில் எதிரே நிற்கும் கூட்டத்தை நோக்கிச் சுடவைத்தார்கள். வரிசை என்பது அந்த வகையில் பல சிப்பாய்களைக் கோத்துச் செய்த ஒரே ஆயுதம்.

வரிசைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. துப்பாக்கி மாறியும் அது மாறவில்லை. நாலைந்து முறை சுட்டதும் களம் முழுவதும் வெள்ளைப் புகை சூழ்ந்துகொள்ளும். அந்தப் புகையில் அதிகாரியின் குரலும் முரசொலியும் கொடியும் எட்டும் எல்லைக்குள் இருக்கும் படைதான் அவர் சொன்னபடி நடக்கும். கம்பியில்லாக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், ஐந்நூறு பேரை வயல் முழுக்கச் சிதறவிட்ட அதிகாரிக்கு அதன்பின் கட்டளையிட யாரும் இருக்கமாட்டார்கள்.

புதிய துப்பாக்கியின் ஆபத்தைத் தளபதிகள் உணராமலும் இல்லை. அமெரிக்கப் படைக்காக 1855-இல் வெளியான காலாட்படைப் பயிற்சிக் கையேடு, நிமிடத்துக்கு 165 எட்டு வைக்கும் ஓட்டநடையைப் புகுத்தியது. எட்டு ஒன்றுக்கு 33 அங்குலம் என்று கணக்கிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 கெஜம் கடக்கலாம். எதிரி முந்நூறு கெஜத்திலிருந்து சுடத் தொடங்கினால் இரண்டே நிமிடத்தில் அவன்மேல் போய் விழுந்துவிடலாம், அதற்குள் அவன் ஐந்தாறு முறைதான் சுட முடியும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. தாளில் சரியாக வரும் இந்தக் கணக்கு, உழுத நிலத்திலும் வேலிகள் குறுக்கிட்ட இடத்திலும், முன்னால் போனவர்களின் உடல்களைத் தாண்டிப் போகவேண்டிய இடத்திலும் வரவில்லை. கெட்டிஸ்பர்க்கில் எம்மிட்ஸ்பர்க் சாலையின் இருபுறமும் இருந்த மரவேலிகளில் ஏறி இறங்கியபோதுதான் பல அணிகள் சிதறிப்போயின.

வாசகர், திண்டுக்கல்: 'மினி பால்' என்று படிக்கிறோம். ஆனால் படத்தில் அது உருண்டையாக இல்லையே?

பழக்கதோஷம்தான். குண்டு உருண்டையாக இருந்த காலத்தில் ஒட்டிய 'பந்து' என்ற சொல், அது கூம்பாக மாறிய பின்னும் உதிரவில்லை. 'மினி' என்பதும் சிறியது என்ற பொருளில் வந்ததன்று. 1840-களின் இறுதியில் அதை வடிவமைத்த பிரெஞ்சு அதிகாரி கிளோத் எத்தியேன் மினியேயின் பெயர் அது.

குழலின் உட்புறத்தில் திருகுத் தடம் வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டே போகும், சாட்டையிலிருந்து விடுபட்ட பம்பரம் சாயாமல் நிற்பதைப் போல அதுவும் திசை மாறாமல் போகும் என்பது வேட்டைக்காரர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த செய்திதான். ஆனால் குண்டு தடங்களைக் கவ்விப் பிடிக்க வேண்டுமானால் அதை இறுக்கி இறக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், இப்படித் தடம் வெட்டிய துப்பாக்கியான ரைஃபிள் தனிப்பயிற்சி பெற்ற சிறு படைகளிடம் மட்டுமே இருந்தது. மினியேயின் குண்டு குழலைவிடச் சற்றே சிறியது. அடிப்பகுதி கிண்ணம்போலக் குடைவானது. மருந்து வெடித்ததும் அந்தக் கிண்ணத்தின் விளிம்பு விரிந்து தடங்களைக் கவ்வும். உள்ளே போகும்போது தளர்வு, வெளியே வரும்போது இறுக்கம். அந்த ஒரு குடைவினால்தான் சாதாரணச் சிப்பாய்க்கும் ரைஃபிள் கிடைத்தது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், காரைக்குடி: என்ஃபீல்டு ரைஃபிளின் பார்வைக்குறியில் 900 கெஜம் வரை அளவு பொறித்திருந்தது என்கிறார்கள். அப்படியிருக்க, உள்நாட்டுப் போரில் பெரும்பாலான துப்பாக்கிச் சண்டை நூறு நூற்றைம்பது கெஜத்தில்தான் நடந்தது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இந்தக் கடிதக்கட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நீங்கள் கரும்பலகையில் பலமுறை வரைந்திருக்கக்கூடிய எறிபொருளின் வளைவிலேயே விடை இருக்கிறது.

ஆங்கிலேய ரைஃபிளான என்ஃபீல்டின் 1853-ஆம் ஆண்டு மாதிரியில் போடும் குண்டு, சுமார் 34 கிராம் எடையுள்ள ஈயம். குழலைவிட்டு வெளியேறும்போது அதன் வேகம் நொடிக்கு முந்நூறு மீட்டரைக்கூட எட்டாது. இன்றைய ரைஃபிள் குண்டின் வேகத்தோடு ஒப்பிட்டால் அது ஆமைதான். முந்நூறு கெஜம் கடக்க அதற்கு ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் புவியீர்ப்பு இழுப்பதை ஈடுகட்ட வேண்டுமென்றால் குழலைச் சற்று மேல்நோக்கி நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் குண்டு நடுவழியில் பார்வைக்கோட்டுக்கு மேலே ஒரு மீட்டருக்கும் அதிகமாக எழும்பி, பிறகுதான் இறங்கும்.

இப்போது ஒரு சிப்பாய் முந்நூறு கெஜத்துக்குக் குறியை அமைத்து, வருபவனுடைய இடுப்புப் பட்டையைப் பார்த்துச் சுடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரி உண்மையிலேயே முந்நூறு கெஜத்தில் இருந்தால் குண்டு படும். மிக அருகில் வந்துவிட்டாலும் படும். ஆனால் நூற்றைம்பது கெஜத்தில் வந்துகொண்டிருந்தால் குண்டு அவன் தலைக்கு மேலே போய்விடும். அதாவது அபாயமான இரண்டு பட்டைகளும், அவற்றின் நடுவே ஓரளவு பாதுகாப்பான ஒரு பட்டையும் களத்தில் உருவாகின்றன. தூரத்தைச் சரியாகக் கணித்து, எதிரி நெருங்க நெருங்கக் குறியை மாற்றிக்கொண்டே இருப்பவனுக்குத்தான் ரைஃபிளின் முழுப்பயனும் கிடைக்கும். வழவழப்பான குழல்கொண்ட பழைய மஸ்கெட்டைக் கிட்டத்தில் மட்டுமே சுட்டதால் இந்தத் தொல்லையே அதில் எழவில்லை.

இங்கிலாந்து இதைப் புரிந்துகொண்டு 1853-இல் கென்ட் மாவட்டத்தின் ஹைத் நகரில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அங்கே சுடுவதற்குச் சமமாகத் தூரத்தைக் கண்ணால் அளக்கவும் கற்பித்தார்கள்: முகம் தெரிகிறதா, பொத்தான் தெரிகிறதா, கால்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்த்துக் கெஜக்கணக்குச் சொல்லும் பயிற்சி. அமெரிக்க உள்நாட்டுப் போரிலோ இரு தரப்பிலும் லட்சக்கணக்கான குடியானவர்களும் தொழிலாளர்களும் சில மாதங்களில் சிப்பாய்களாக்கப்பட்டார்கள். அணிவகுக்கவும் குண்டு நிரப்பவும் பழக்கினார்களே தவிர, பெரும்பாலான படைகளில் இலக்கை நோக்கிச் சுடும் பயிற்சி மிகக் குறைவு.

குண்டு நிரப்புவதை அருகிலிருந்து பார்த்தால் அந்தச் சிப்பாயின் நிலைமை விளங்கும். இடுப்புப் பெட்டியிலிருந்து காகிதத் தோட்டாவை எடுக்க வேண்டும். அதன் முனையைப் பல்லால் கிழிக்க வேண்டும். மருந்தைக் குழல்வாயில் கொட்டிக் குண்டை வைக்க வேண்டும். இரும்புக் கோலை உருவி, இடித்து இறக்கி, கோலைத் திரும்பச் செருக வேண்டும். சுத்தியலைப் பாதி பின்னிழுத்து, தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்பின் மூதாதையான செப்புக் கேப் ஒன்றைக் காம்பில் பொருத்த வேண்டும். பிறகு சுத்தியலை முழுவதும் இழுத்துச் சுட வேண்டும். உதடெல்லாம் கருமருந்து ஒட்டி, காதருகே பிறருடைய துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருக்க, நிமிடத்துக்கு மூன்று முறை இதைச் செய்ய வேண்டும். கேப்பைப் பொருத்த மறந்தவன் விசையை அழுத்துவான். சுற்றிலும் கேட்கும் வெடியோசையில் தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே அவனுக்குத் தெரியாது. மேலும் ஒரு குண்டை இடித்து இறக்குவான். கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கியெடுத்த 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை சுடப்படாத குண்டோடு கிடந்தன. பல ஆயிரம் குழல்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குண்டுகள் இருந்தன. ஒரே குழலில் 23 இருந்ததாகவும் பதிவு உண்டு.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விட மனமில்லை. அதே களத்தில் வடமாநிலத் தரப்பின் 12-ஆவது நியூஜெர்சிப் படைப்பிரிவு பழைய வழவழப்புக் குழல் மஸ்கெட்டுகளையே வைத்திருந்தது. முன்சொன்ன ஜூலை 3 தாக்குதலுக்காகக் காத்திருந்தபோது அவர்களில் பலர் தோட்டாக்களைப் பிரித்து, பெரிய குண்டை எறிந்துவிட்டு, சிறு ஈய இரவைகளை மட்டும் கைநிறையப் போட்டுக் கெட்டித்து வைத்தார்கள். எதிரி மிக அருகில் வந்த பிறகே சுட்டார்கள். அந்தத் தூரத்தில் அது ரைஃபிளைவிடக் கொடியது. ரைஃபிள் வந்த நாளிலேயே எல்லாம் மாறிவிட்டது என்ற கூற்றை நான் முழுதாக ஏற்காததற்கு இவையெல்லாம் காரணம்.

வாசகர், வேலூர்: 1857-இல் சிப்பாய்கள் எதிர்த்த கொழுப்புத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்கு உரியதுதானா? கொழுப்பு எதற்கு?

ஆம், அதே 1853 மாதிரி என்ஃபீல்டுதான். இயந்திர நோக்கில் பார்த்தால் கொழுப்பு தவிர்க்க முடியாத பொருள். மேலே சொன்ன கரி அப்புதல்தான் காரணம். குண்டைச் சுற்றியுள்ள காகிதத்தில் மெழுகோ கொழுப்போ பூசினால்தான், பலமுறை சுட்ட பிறகும் அது கரியை இளக்கிக்கொண்டு குழலில் வழுக்கி இறங்கும். கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பதில் கும்பினி அதிகாரிகள் காட்டிய அலட்சியமும், தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டும் என்ற பயிற்சி விதியும் சேர்ந்து, ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த மனக்குறைகளுக்கு நெருப்பு வைத்தன. 1857-இன் தொடக்கத்தில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பேச்சு எழுந்தது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். மே 10 அன்று மீரட் எழுந்தது. மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்துத் தண்டனை பெற்ற 85 குதிரைப்படை வீரர்களுக்குக் கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. அந்த நேரத்தில் எந்தத் தோட்டாவையும் நம்பும் நிலையில் யாரும் இல்லை.

போர்முறையைப் பொறுத்தவரை இதில் ஒரு கசப்பான முரண் உண்டு. என்ஃபீல்டை மறுத்தவர்கள் பெரும்பாலும் பழைய மஸ்கெட்டோடுதான் போரிட்டார்கள். எதிர்த்தரப்பில் இருந்த பல ஐரோப்பியப் படைகளின் கையில் என்ஃபீல்டு இருந்தது. 1857 ஜூலை 12 அன்று ஃபதேபூரில் ஆங்கிலேயத் தளபதி ஹேவ்லாக்கின் படை, எதிரியின் மஸ்கெட்டுக்கு எட்டாத தூரத்திலிருந்தே சுட்டு முன்னேறியது. அப்படிச் சுட்டவர்களில் கும்பினியின் சென்னை ராணுவத்தைச் சேர்ந்த ஐரோப்பியப் படையான மெட்ராஸ் ஃபியூசிலியர்சும் உண்டு. அதன் தளபதி நீல் செய்த கொடுமைகளுக்காகத்தான், சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவருடைய சிலையை அகற்றக் கோரி 1927-இல் போராட்டம் நடந்தது; பத்தாண்டு கழித்து அது அருங்காட்சியகத்துக்குப் போனது.

எழுச்சி அடங்கிய பின் ஆங்கிலேயர் செய்த காரியம், அவர்கள் இந்தக் குழலை எவ்வளவு மதித்தார்கள் என்பதைக் காட்டும். இந்தியப் படைப்பிரிவுகளுக்கென்று, வெளித்தோற்றத்தில் என்ஃபீல்டைப் போலவே இருந்து உள்ளே திருகுத் தடமில்லாத மஸ்கெட்டைத் தனியாகச் செய்வித்தார்கள். தூரத்துக்கேற்ப உயர்த்தும் பார்வைக்குறியும் அதில் கிடையாது.

மாணவர், மதுரை: குதிரைப்படையும் பீரங்கிப்படையும் என்ன ஆயின?

குதிரைப்படை நேருக்கு நேர் பாயும் வேலையை ஏறக்குறைய இழந்தது. 1862 ஜூன் 27 அன்று வர்ஜீனியாவின் கெயின்ஸ் மில் களத்தில் வடமாநிலத் தரப்பின் 5-ஆவது குதிரைப்படை, முன்னேறிவந்த காலாட்படையின் மீது பாய்ந்து நொறுங்கிப்போனது. அதன்பின் குதிரை பெரும்பாலும் வேகமாக வந்து சேர்வதற்கான வாகனமாயிற்று. வந்ததும் நாலில் ஒருவன் குதிரைகளைப் பிடித்துக்கொள்வான், மற்ற மூவரும் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியோடு தரையில் நின்று சண்டையிடுவார்கள். கெட்டிஸ்பர்க்கின் முதல் நாள் காலையில் வடமாநிலத் தளபதி பியூஃபோர்டின் குதிரைப்படை அப்படித்தான் எதிரியைத் தாமதப்படுத்தியது. பீரங்கிகளை எதிரிக்கு முந்நூறு கெஜத்தில் தள்ளிக்கொண்டு போய்ச் சிதறுகுண்டு சுடும் நெப்போலியன் பாணித் தாக்குதலும் அரிதாகிவிட்டது. பீரங்கிக்காரனும் அவன் குதிரைகளும் ரைஃபிளின் எல்லைக்குள் வந்துவிட்டதே காரணம். தற்காப்பில் நின்ற பீரங்கியோ முன்னைவிட அதிகமாகவே கொன்றது.

பொறியாளர், கோவை: அப்படியானால் போர்முறையில் உண்மையான மாற்றம் எதில் தொடங்கியது?

மண்வெட்டியில். 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில், மார்பளவு கற்சுவர் ஒன்றின் பின்னே பள்ளமான சாலையில் நின்ற தென்மாநிலப் படையை நோக்கி வடமாநிலப் படைகள் அலை அலையாக ஏறின. ஒருவர்கூடச் சுவரை எட்டவில்லை. அன்று வடமாநிலத்தின் மொத்த இழப்பு 12,000-ஐத் தாண்டியது. மறைவில் நிற்பவன் தோளும் தலையும் மட்டும் தெரிய, துப்பாக்கியைச் சுவர்மேல் சாய்த்து நிதானமாகச் சுடலாம்; பின்னால் இருப்பவர்கள் நிரப்பி நிரப்பிக் கொடுக்கலாம். வெட்டவெளியில் நின்று நிரப்புபவனுக்கு இல்லாத நிதானம் அது. அந்தக் கற்சுவர் இல்லாத இடத்தில் மண்ணால் எழுப்பிக்கொள்ளலாம் என்பதைச் சிப்பாய்கள் தளபதிகளுக்கு முன்பே கற்றுக்கொண்டார்கள். 1864-இல் படை நின்ற இடத்திலெல்லாம், கட்டளைக்குக் காத்திராமல், தட்டாலும் கத்தியாலும் தோண்டத் தொடங்கிவிடுவார்கள்.

தோண்டி உட்கார்ந்தவனை எப்படிப் பெயர்ப்பது என்பதற்கு 1864 மே 10 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் எமரி அப்டன் என்ற இளம் அதிகாரி ஒரு விடை கண்டார். பன்னிரண்டு படைப்பிரிவுகளை அகன்ற வரிசையாக நிறுத்தாமல், மூன்று மூன்றாக நான்கு அடுக்குகளாக நிறுத்தினார். வழியில் நின்று சுடக்கூடாது என்பதற்காகப் பின்னடுக்குகளில் இருந்தவர்கள் துப்பாக்கியில் கேப் பொருத்தாமலே ஓட வேண்டும் என்று கட்டளையிட்டார். சுட நின்றவன் நிரப்பவும் நிற்பான், நிரப்ப நின்றவன் சாவான் என்பது அவர் கண்டறிந்த உண்மை. அரண் உடைந்தது, ஆனால் துணைக்கு வரவேண்டிய படை வராததால் பிடித்த இடத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்து அதே அரணின் மீது கோர் எனப்படும் பெரும் படைத்தொகுதி ஒன்று முழுவதுமே அதே பாணியில் பாய்ந்தது. இருபது மணிநேரம் நடந்த அந்தச் சண்டையில், அரணுக்குப் பின்னால் நின்ற, ஏறத்தாழ 22 அங்குலக் குறுக்களவுள்ள ஒரு ஓக் மரம் துப்பாக்கிக் குண்டுகளாலேயே அரிக்கப்பட்டு முறிந்து விழுந்தது. பீரங்கி அதைத் தொடவில்லை. அதன் அடிமரம் இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அரசு ஊழியர், சென்னை: இதையெல்லாம் ஐரோப்பா பார்த்துக் கற்றுக்கொண்டதா?

பார்த்தது, ஆனால் தனக்கு அருகில் நடந்ததையே அதிகமாக நம்பியது. 1859-இல் இத்தாலியில் பிரான்சோடு மோதிய ஆஸ்திரியப் படை லாரன்ஸ் என்ற நல்ல ரைஃபிளை வைத்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் நெருக்கமான அணிகளாக ஓடிவந்து, துப்பாக்கி முனையில் செருகிய கத்தியான பயனெட்டை நீட்டிப் பாய்ந்து வென்றுவிட்டார்கள். முன்சொன்ன வளைபாதையைக் கணக்கில் கொள்ளாமல், தூரம் கணிக்கப் பழகாத ஆட்கள் சுட்டதே தோல்விக்கு ஒரு காரணம். பயிற்சி போதவில்லை என்ற முடிவுக்கு வருவதற்குப் பதிலாக, துப்பாக்கியைவிடப் பாய்ச்சலே மேல் என்ற முடிவுக்கு ஆஸ்திரியா வந்துவிட்டது.

அந்த முடிவோடு 1866 ஜூலை 3 அன்று கோனிக்ரேட்ஸ் களத்தில் பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் முன்னால் போய் நின்றது. பிரஷ்யச் சிப்பாயிடம் இருந்த டிரைஸ் ஊசித் துப்பாக்கி, தூரத்தில் லாரன்ஸைவிடக் குறைந்ததுதான். அதன் பின்புறத் தாழ்ப்பாளில் கசியும் வாயு முகத்தில் அடிக்கும் என்று அஞ்சிச் சிலர் இடுப்பில் வைத்தே சுட்டார்கள். ஆனால் தோட்டாவைக் குழல்வாயில் போடாமல் பின்புறத்தில் போட முடிந்ததால், மண்ணில் குப்புறப் படுத்தபடியே, லாரன்ஸ் ஒருமுறை சுடுவதற்குள் மூன்று நான்கு முறை சுட முடிந்தது. லாரன்ஸுக்கு நிரப்ப எழுந்து நிற்க வேண்டும். ஒரே நாளில் பிரஷ்யாவின் இழப்பு சுமார் 9,000. ஆஸ்திரியத் தரப்பின் இழப்பு சிறைப்பட்டவர்களையும் சேர்த்து 40,000-க்கும் மேல்.

நான்கே ஆண்டுகளில் பிரான்சு, ஷாஸ்போ என்ற ரைஃபிளோடு பிரஷ்யாவை எதிர்த்துப் போருக்கு வந்தது. அதன் குறி 1,200 மீட்டர் வரை அளவிடப்பட்டது, ஊசித் துப்பாக்கியின் குறியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 1870 ஆகஸ்ட் 18 மாலை சென் பிரிவா என்ற கிராமத்தை நோக்கி, மறைவே இல்லாத மேட்டுச் சரிவில், பிரஷ்யாவின் காவற்படை நெருக்கமான அணிகளாக ஏறியது. அன்று அந்தப் படை இழந்தவர்கள் சுமார் 8,000 பேர். கோனிக்ரேட்ஸில் படுத்துச் சுட்டு வென்ற அதே ராணுவம்தான் அது.